பட்டியலில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை

1

போன மாதம் என் வீட்டுக்காரர் சவரிமுத்து இறந்து ஒரு வருடம் நிறைந்தது. ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைத்தேன். பூசை முடிந்து பத்துப் பேர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சோறு, கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு, கீரை. எல்லாம் நானே சமைத்தது. முதல் பந்தியில் உட்கார்ந்த பக்கத்துத் தெருப் பெண்மணி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, உப்பு கொஞ்சம் இருக்கா?"

அப்போதுதான் உறைத்தது. குழம்பில் உப்புப் போடவில்லை. உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்திருக்கிறேன். கீரையையும் அப்படியே. வந்தவர்கள் எல்லோரும் நல்ல உடம்புக்காரர்கள். அவர்களுக்கு ஒரு சிறுநீரக நோயாளியின் சாப்பாட்டைப் போட்டிருந்தேன். உப்பு டப்பாவை எடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

அன்றைக்கு வந்திருக்க வேண்டிய ஒருவர் வரவில்லை. சுங்காயில் இருக்கிற மாணிக்கம் அண்ணன். என் வீட்டுக்காரரோடு ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவர். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பது அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

2

குளச்சலுக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே மலேசியாவுக்கு வந்து முப்பது வருடமாகிறது. ஈப்போவில் முடிவெட்டும் கடையில் வேலை பார்த்த என் சித்தப்பா கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை அரசாங்கப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர், கோயிலுக்குப் போகிறவர், குடிக்காதவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் சுங்காய்த் தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள். நான் வந்தபோதே கித்தா மரங்கள் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது.

வந்த முதல் வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டேன். நம் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்தானே. இங்கே அதற்கு ஆறு கரையை உடைத்து வருவது மட்டும்தான் பொருள். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சவரிமுத்து சிரிக்கவில்லை. உள்ளே வந்து, "இங்க தண்ணின்னு சொல்லு புஷ்பம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். பேச்சின் கடைசியில் 'லா' போடுகிற இந்த ஊர்ப் பழக்கம் மட்டும் எனக்கு வரவே இல்லை. பின்னாளில் எங்கள் ஒரே மகள் ஏஞ்சலின் அந்தக் கதையைத் தன் சிநேகிதிகளிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. இப்போது சிங்கப்பூரில் வேலை.

நான் இன்னும் குடியுரிமை கிடைக்காதவள். கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. மூன்று முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மலாயில் கேட்கக் கேட்க எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சந்தையில் மீன் வாங்குகிற மலாய் அலுவலகத்துக்குப் போதாது. "ஃபஹாம்?" என்று கேட்பார்கள், புரிந்ததா என்று. புரிந்தாலும் புரியாவிட்டாலும் நான் "ஃபஹாம்" என்றுதான் சொல்வேன். அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான். எதிரே ஒருவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தால் என் வாய் தானாகவே மாற்றிப் பேசிவிடும்.

3

சர்க்கரை வியாதி அவருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. ஓய்வு பெற்ற மறு வருடம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தோடு இருப்பது வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் சாப்பாட்டோடு இருக்க வேண்டும். அதுதான் கொடுமை என்பது அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். அதில் கோப்பியும் அடக்கம், குழம்பும் அடக்கம், மாத்திரை விழுங்குகிற மடக்கும் அடக்கம். காலையில் ஒரு போத்தலில் அளந்து ஊற்றி அவர் கண்ணெதிரே வைப்பேன். மதியத்துக்குள் பாதி போய்விடும். அதன் பிறகு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு, கரையக் கரைய விழுங்காமல் வைத்திருப்பார். இயந்திரத்தில் ஏற்றுமுன் எடை பார்ப்பார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் மிசி என்னைத்தான் பார்ப்பார். நர்ஸை இங்கே மிசி என்பார்கள்.

இளநீர் ஆகாது. வாழைப்பழம், தக்காளி, பருப்பு, பால், கருவாடு எதுவும் ஆகாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அது சாதா உப்பைவிட ஆகாது. காய்கறியின் சத்தையெல்லாம் தண்ணீரில் இறக்கிக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போதே கடித்துத் தின்ன ஒரு சுண்ணாம்பு மாத்திரை. பழத்தில் ஆப்பிள் ஒரு துண்டு ஆகும். ஆறு மாதமாக ஆப்பிள். "புஷ்பம், இத வெட்டுற சத்தம் கேட்டாலே வாந்தி வருது" என்பார்.

எது ஆகும், எது ஆகாது என்று சத்துணவு அதிகாரி ஒரு பட்டியல் தந்திருந்தார். முழுக்க மலாயில். அவர் விளக்கிச் சொன்ன அன்று சவரிமுத்து நாற்காலியில் இயந்திரத்தோடு கிடந்தார். என்னிடம்தான் சொன்னார். கடைசியில் "ஃபஹாம்?" என்றார். "ஃபஹாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அதப் படிச்சா பசிக்கும் லா. நீயே வச்சுக்க. நீ குடுக்குறத நான் தின்னுக்கிறேன்."

மலாயை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள், அது எனக்கு வாசிக்க வரும். தெரியாத வார்த்தைகளைப் பக்கத்து வீடுகளில் கேட்டுக் கேட்டு அதன் மேலேயே தமிழில் எழுதிவைத்தேன். இரண்டு வாரம் ஆனது. ஆகாத பழங்களின் வரிசையில், கடைசியில், தடித்த எழுத்தில் ஒன்று இருந்தது. பெலிம்பிங். அதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம்தானே. விரல் நீளத்தில் பச்சையாகக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பிலிம்பிக்காய் என்போம், மீன் குழம்பில் போடுவோம். இங்கேயும் பக்கத்து வீட்டு மலாய் அக்கா தன் மரத்தில் அதே காயைப் பறித்துத் தரும்போது பெலிம்பிங் என்றுதான் சொல்வார். கேட்காமலே எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. மேலே "பிலிம்பி" என்று எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாணிக்கம் அண்ணன் காலையிலேயே காரில் வந்து அவரைச் சுங்காய்க்குக் கூட்டிப் போய், தோட்டத்துப் பழைய ஆட்கள் நாலு பேரைக் காட்டிவிட்டு, மதியத்துக்குள் கொண்டுவந்து விட்டார். அன்று வெயில் கொளுத்தியது. அவருடைய போத்தல் காலியாகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தையில் சீனன் கடையில் முந்தின நாள் நான் ஸ்டார் ஃப்ரூட் வாங்கியிருந்தேன். மஞ்சளாக, ஐந்து மூலையோடு, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அந்தப் பழம். வாங்கும்போதே மனசுக்குள் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வாழை இருக்கிறது, டுரியான் இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது. ஸ்டார் ஃப்ரூட் என்று எங்கேயும் இல்லை. கடைக்காரனும் அப்படித்தான் சொல்வான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். அதற்கு வேறு பெயர் இருக்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு பழத்தை வெட்டித் தட்டில் வைத்தேன்.

"இது சாப்டலாமா புஷ்பம்?"

"சாப்பிடலாம். பட்டியல்ல இல்ல. நல்லாப் பாத்துட்டேன்."

"ஆப்பிள் இல்லியே, அது போதும்."

ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு நிறுத்தவில்லை. விதையைக்கூடத் துப்பவில்லை. தட்டில் கிடந்த சாற்றைச் சாய்த்துக் குடித்தார். ஆறு மாதத்தில் அவர் முகம் அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. இன்னொரு பழம் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் விக்கல் எடுத்தது. மூச்சடக்கிப் பார்த்தார், சீனி போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. படுத்தும் நிற்கவில்லை. காலையில் சுத்திகரிப்புக்குக் கிளம்பச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "என்னங்க?" என்றேன். தன் அம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

மருத்துவமனையில் இளவயது மலாய் டாக்டர். விக்கல் என்றதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"மக்சிக், அடா மாக்கான் பெலிம்பிங்?"

மக்சிக் என்றால் ஆன்ட்டி. பெலிம்பிங் சாப்பிட்டாரா என்று கேட்கிறார். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை. பட்டியலைக் கரைத்துக் குடித்தவள் அல்லவா நான்.

"தாக் அடா, டாக்டர்" என்றேன். இல்லவே இல்லை என்று.

அவர் எழுதிக்கொண்டார். அது இல்லையென்றால் மூளையில் அடைப்பாக இருக்கலாம் என்று தலையைப் படமெடுக்க அனுப்பினார்கள். படமெடுக்கக் காத்திருந்தபோதுதான் முதல் வலிப்பு வந்தது. கட்டிலே ஆடியது. அவர் கண் மேலே ஏறி வெள்ளையாகிவிட்டது. என்னை வெளியே தள்ளினார்கள். மதியம் தாண்டியிருக்கும், ஒரு தமிழ் மிசி என்னைத் தேடி வந்தார். சின்னப் பெண்.

"ஆன்ட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து ஏதாச்சும் பழம் சாப்ட்டாரா?"

"ஸ்டார் ஃப்ரூட் சாப்பிட்டாரு."

அந்தப் பெண் வாயில் கைவைத்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, அதானே பெலிம்பிங்! கிட்னி ஆளுங்களுக்கு அது வெசம் லா. யாரு குடுத்தா? எத்தன பழம்? டாக்டர் எழுதணும்."

அவள் கையில் தாளும் பேனாவும் இருந்தன. நான் சிவப்பு அட்டைக்காரி. புருஷனுக்கு விஷம் கொடுத்தாள் என்று எழுதிவிட்டால் போலீஸ் வருமா, அட்டையைப் பிடுங்குவார்களா, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா, என்னென்னவோ ஓடியது. இதெல்லாம் காரணம் ஆகாது. தெரிந்தே எழுதுகிறேன்.

"ரெண்டு பழம் இருக்கும். நான் குடுக்கல. நேத்து சுங்காய்ல கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தாரு. அங்க சாப்பிட்டிருக்காரு."

5

நாலு நாள் விடாமல் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஏஞ்சலின் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டாள். ஐந்தாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. கை நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. கடைசிவரை போகவில்லை.

அவர் பேச ஆரம்பித்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ப்பா? அந்த அங்கிள் குடுத்தா நீங்க சாப்டணுமா? ஒரு நாள் வாய அடக்க முடியாதா? அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு சமைக்கிறாங்க!"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார். நான் போர்வையின் நுனியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆசையா இருந்துச்சும்மா" என்றார். "தப்புதான்."

வராந்தாவுக்குப் போய் அவள் யாருக்கோ போன் செய்து சத்தமாகப் பேசியது கேட்டது. மாணிக்கம் அண்ணனிடம்தான் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஏஞ்சலின் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து குளிர்பெட்டியின் கதவில் பொருத்தினாள். சாவியை என் கழுத்து ஜெபமாலையோடு கோத்துவிட்டாள். அறுபத்து மூன்று வயது மனிதர், அந்தக் குளிர்பெட்டியைத் தன் சம்பளத்தில் வாங்கியவர், நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் போன் செய்யும்போது முதலில் என்னிடம்தான் கேட்பாள், அப்பா ஒழுங்காக இருக்கிறாரா, திருடித் தின்கிறாரா என்று. அவர் பக்கத்திலேயே இருப்பார். கேட்டுக்கொண்டிருப்பார்.

வந்த மூன்றாம் நாள் அவர் முதல் முறையாக அந்தப் பட்டியலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுங்குகிற விரலை ஒவ்வொரு வரியாக வைத்து வாசித்தார். அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. கடைசி வரியில் விரல் நின்றது. பெலிம்பிங். மேலே என் கையெழுத்தில் "பிலிம்பி". தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயெடுத்தேன். "ஏங்க, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தால், "மாத்திரை குடு புஷ்பம்" என்பார். மாத்திரை நேரம் இல்லாதபோதும் அப்படிச் சொல்வார். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

மாணிக்கம் அண்ணன் வருவது நின்றது. அவரைப் பற்றி இவர் ஒரு தடவையும் பேசவில்லை. அப்படியே மூன்று வருடம் போனது. போன வருடம் ஒரு புதன்கிழமை, சுத்திகரிப்புக்குப் போக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு மாணிக்கம் அண்ணன் வந்திருந்தார். கோயிலுக்குள் வரவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம், காருக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டி வெளியே வந்ததும் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். ஏஞ்சலின் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

6

ஆண்டுப் பூசைக்கு மறு வாரம் நான் பஸ் ஏறிச் சுங்காய் போனேன். தோட்டத்து லயங்களை இடித்து எப்போதோ சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் செம்பனை. அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வா தங்கச்சி. தனியாவா வந்த? அஞ்சல, யாரு வந்திருக்கா பாரு."

அவருடைய மனைவி அஞ்சலை அக்கா கோப்பி கலக்க உள்ளே திரும்பினார். அவர் வீட்டுக் கோப்பியைக் குடித்துவிட்டால் என்னால் சொல்ல முடியாது என்று நினைத்தேன். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, அந்தப் பழத்த நாந்தான் குடுத்தேன். எங்க வீட்ல வச்சு. ஆஸ்பத்திரியில உங்க பேரச் சொல்லிட்டேன்."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அஞ்சலை அக்கா கதவு நிலையில் நின்றுவிட்டார்.

"என்னா சொல்றீங்க?" என்றார் அக்கா. "பின்னால ஸ்டார் ஃப்ரூட் மரம் நின்னுச்சு. நாங்க உள்ள இருந்தப்ப சவரி அண்ணன் பறிச்சுத் தின்னுருப்பாருன்னு நெனச்சோம். இவரு அன்னிக்கே மரத்த வெட்டிட்டாரு. ஒரு மாசம் சரியா சாப்டல. நம்ம வீட்டு மரம் அவனக் கொல்லப் பாத்துச்சுன்னு சொல்லிச் சொல்லி..."

"விடு, அஞ்சல" என்றார் அண்ணன். பிறகு என்னைக் கேட்டார். "சவரிக்குத் தெரியுமா, நீ என் பேரச் சொன்னது?"

"தெரியும் அண்ணே. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் அவரு..."

"அது சரி லா. பொண்டாட்டியக் காப்பாத்தட்டும். வேணாங்கல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் யார்ட்ட போய் சொல்லப் போறேன்? மூனு வருசம் உயிரோட இருந்தான் தங்கச்சி. ஒரு போன் போடல."

சவரிமுத்து செய்தது என் மேல் வைத்த அன்பு என்று இத்தனை நாளும் நினைத்து அழுதிருக்கிறேன். அந்த அன்புக்கு விலை கொடுத்தவர் யார் என்று அன்றுதான் நேராகப் பார்த்தேன்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போன் போடு."

"வீட்டுக்குப் போயி..."

"இப்பவே போடு. அன்னிக்கு போன்ல அது என்னா சொல்லுச்சு தெரியுமா? 'அங்கிள், எங்கப்பாவ கொன்னுட்டீங்க'ன்னுச்சு. அப்ப அவன் உயிரோடதான் இருந்தான்."

அவர் முன்னாலேயே போட்டேன். ஏஞ்சலின் எடுத்தாள்.

"என்னம்மா, ஆபீஸ்ல இருக்கேன். உடம்பு சரியில்லியா?"

சொன்னேன். தமிழில் ஆரம்பித்தேன், நடுவில் வார்த்தை தடுமாறியது. ஸ்டார் ஃப்ரூட்டும் பெலிம்பிங்கும் ஒன்று என்று எனக்குத் தெரியாது என்றேன். மாணிக்கம் அங்கிள் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்றேன். அப்பாவுக்குத் தெரியும் என்றேன். அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கிள் பக்கத்துல இருக்காரா?" என்றாள் கடைசியில்.

"இருக்காரு."

"அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வெகுநேரம் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார்.

"அழாதம்மா. ஆபீஸ்ல எல்லாரும் பாக்கப் போறாங்க" என்றார். "பரவால்ல. சரி லா. சாப்ட்டியா நீ?"

பிறகு போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். மகள் போனை வைத்துவிட்டிருந்தாள்.